நான் விரலை விட்ட பாட்டில்

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள் நான். என் வாய் சும்மா இருக்காது. கையும் அப்படித்தான்.

கேன் தண்ணீர் வராத காலம் அது. எட்டாவது படித்த பக்கத்து வீட்டுச் செல்வி, பள்ளிக்கூடத்தில் கொடுத்த, மருந்து போட்ட சின்ன பாட்டிலில் எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீரைப் பிடித்தாள். அசுத்தம் இருந்தால் மறுநாள் கறுத்துவிடுமாம். தண்ணீர் பிடிக்கும் முன் சோப்பு போட்டு மூன்று தரம் கை கழுவினாள்.

"இன்னாடி, பம்புக்குக் கல்யாணமா?" என்று சீண்டினேன்.

"சும்மா இரு ஆயா. உள்ள கை படக்கூடாது."

அவள் மூடியை எடுக்கத் திரும்பியபோது, மீன் கழுவிய விரலை உள்ளே விட்டு எடுத்தேன். அவள் முழிப்பதைப் பார்க்கத்தான்.

மறுநாள் பாட்டில் கறுத்தது. செல்வி வீடு வீடாகப் போய், "குடிக்காதீங்க" என்று சொன்னாள். டீச்சர் வந்து மறுபடி பிடித்துப் பார்த்தார், கறுக்கவில்லை. தெருவே அவளைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மழைக்குப் பிறகு மறுபடி சோதித்தாள். கறுத்தது. இந்த முறை நான் தொடவே இல்லை.

"போடி, உனக்கு வேற வேல இல்ல?" என்று எல்லோரும் விரட்டினார்கள். ஓயாத என் வாய் அன்று திறக்கவில்லை.

அந்த வாரமே என் மருமகள் வாந்திபேதியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரோடு செல்வி வந்தாள்.

"ஆயா, மொதல் தடவ நான் ஒழுங்கா கை கழுவலியா?"

"நல்லாத்தான் கழுவுனே" என்றேன். மீதியைச் சொல்லவில்லை.

இப்போது அவளுக்கே ஒரு பெண் இருக்கிறாள். இன்னும் அவள் மூன்று தரம்தான் கை கழுவுகிறாள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.