ஜமுனா மகளின் முட்டி

தோணிரேவு ஜமுனா வாயைத் திறந்தால் ஏரிக்காற்றே ஒதுங்கிப் போகும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் சரண்யாவின் முட்டிகள் நீலமாகக் கன்றியிருந்ததைப் பார்த்ததும் அந்த வாய் திறந்தது.

"யார்டி அட்ச்சது?"

பெண் பதில் சொல்லவில்லை. அம்மா மூடினால்தானே அவள் திறப்பதற்கு!

பக்கத்து வீட்டு நாகம்மாள், "காத்து கருப்பு வேலைதான்" என்றாள். பூசாரி மந்திரித்துக் கயிறு கட்டினார். அப்படியும் நீலம் போகாததால் புருஷன் சடையன் மேல் சந்தேகம் விழுந்து, அவனுக்கு மூன்று நாள் சோறு கிடைக்கவில்லை. நாலாம் நாள் ஜமுனா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டாள்.

"இன்னா டீச்சர், எம் பொண்ண அட்ச்சீங்களா?"

டீச்சர் ஜன்னலைக் காட்டினார். வெளியே சிமெண்டுத் தரையில் சரண்யா சாப்பாட்டுப் பையைப் பல்லில் கவ்விக்கொண்டு, முட்டி தேயத் தவழ்ந்து, இரண்டு கையாலும் தரையைத் துழாவிக்கொண்டிருந்தாள். பின்னால் நாலு பிள்ளைகள்.

"எறா புடிக்கிற ஆட்டமாம். சொன்னா கேக்கறதில்ல. உங்க பொண்ணுதான் ஜமுனாவாம்."

ஜமுனாவுக்கு வாயடைத்தது. பிடிக்கிற எறாவைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏரிச் சேற்றில் தவழ்ந்தே அவள் முட்டிகள் பதினைந்து வருஷமாக நீலம். அதற்கு எந்தப் பூசாரியும் கயிறு கட்டியதில்லை.