காக்காத்திட்டின் முதல் விசா

ரப்பர் முத்திரையை வாயருகே கொண்டுபோய் ஹா, ஹா, ஹா என்று மூன்று முறை ஊதிவிட்டுத்தான் ஹனீபா குத்துவார். குத்திய பிறகு தாளை வெயிலுக்கு நேரே பிடித்து, முத்திரையில் இருக்கும் நண்டுக்கு எல்லாக் காலும் விழுந்திருக்கிறதா என்று எண்ணுவார். ஒரு கால் குறைந்தாலும் விசா செல்லாது. மறுபடி ஊதல், மறுபடி குத்தல்.

அந்த நண்டைப் பற்றித்தான் மாவட்டம் முழுக்க வதந்தி. மணமேல்குடிக் கடலுக்குள் ஒருவர் தனி நாடு தொடங்கிவிட்டாராம். வசதியுள்ளவர்களுக்குப் பாஸ்போர்ட் விற்கிறாராம். நான் முதலில் கேள்விப்பட்டது அன்னவாசல் டீக்கடையில். அங்கே அந்த நாட்டுக்கு விமான நிலையம் இருந்தது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது அது துறைமுகமாகச் சுருங்கிவிட்டது. வல்லத்திராக்கோட்டைக்காரர் ஒருவர் தன் மைத்துனனுக்கு அங்கே வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகப் பஸ்ஸிலேயே சொன்னார். அறந்தாங்கி தாண்டியதும் துறைமுகமும் போய் ஒரு படகு மட்டும் மிஞ்சியது. மணமேல்குடியில் இறங்கிக் கேட்டால், "அட, நம்ம ஹனீபா பாய் கொட்டகையா? அங்கிட்டுப் போங்க" என்று கடல் பக்கம் கையைக் காட்டினார்கள்.

கிட்டப் போகப் போக வதந்தி சிறுத்துவிடும் என்பது தெரிந்த சங்கதிதான். ஆனால் இது முழுசாகக் கரைந்துவிடவில்லை. கொட்டகை இருந்தது. கொடி இருந்தது. 'காக்காத்திட்டு சுதந்திர நாடு' என்று பலகையும் இருந்தது. பாஸ்போர்ட் என்பது நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. அது ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது. அவர் அதை யாருக்கும் விற்பதாக இல்லை.

ஹனீபாவுக்கு அறுபத்து மூன்று வயது. வெள்ளைக் கைலி, முழுக்கைச் சட்டை, பையில் மூன்று நிறத்தில் பேனா. வளைகுடாவில் ஒரு டைப்பிங் சென்டரில் இருபத்தாறு வருடம் இருந்தவர். அரசாங்க அலுவலகத்துக்கு எதிரே விசா மனுக்களை நிரப்பித் தருகிற சின்னக் கடை அது. மனைவியை வரவழைக்க நினைத்த இன்ஜினியர், டாக்டர், கணக்குப்பிள்ளை எல்லோருக்கும் பேமிலி விசா பாரம் நிரப்பியது இவர் கை. "பத்தாயிரம் பொண்டாட்டிகளப் பிளேன் ஏத்தியிருக்கேன் தம்பி" என்பார். பத்தாயிரத்தொன்றாவது ஆளைத்தான் ஏற்ற முடியவில்லை. மனைவியை அழைக்க இன்ன சம்பளம் இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு கோடு. இவர் சம்பளம் எப்போதும் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. சம்பளம் ஏறிய வருடம் கோடும் ஏறியது.

ஊர் திரும்பியவர்கள் வழக்கமாக வீட்டுக்கு மாடி எடுப்பார்கள், சர்க்கரைக்கு நடப்பார்கள். ஹனீபா ஒரு வருடம் சும்மா இருந்து பார்த்தார். அடுத்த வருடம் நாடு அறிவித்துவிட்டார்.

கரையிலிருந்து படகில் அரை மணி நேரம். கடல் காக்கைகள் வந்து இளைப்பாறும் மணல் திட்டு, அதனால் காக்காத்திட்டு. தண்ணீர் வற்றும்போது கால்பந்து மைதானம் அளவு. ஏறும்போது வாலிபால் ஆடலாம். ஐப்பசி பிறந்து மழை பிடித்தால் திட்டு மொத்தமாக முழுகிவிடும். தை மாதம் மறுபடி தலை காட்டும். வருடா வருடம் சுதந்திர தினம் கொண்டாட இவ்வளவு நியாயமான காரணம் உள்ள நாடு வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

இதை எப்படி விட்டு வைத்திருக்கிறார்கள் என்று ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். "பட்டா கேட்டாத்தான் சார் எங்களுக்குத் தலைவலி. நாடு கேட்டா எங்க செக்‌ஷன்ல வராது" என்றார் ஒருவர், நிம்மதியாக. ரோந்து வந்த கடலோரக் காவலர் இருவருக்கு ஹனீபாவே விசா போட்டுக் கொடுத்திருக்கிறார். எண் பதினொன்று, பன்னிரண்டு. டீ குடித்துவிட்டுப் போனார்களாம்.

படகு ஏறுமுன் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி ரஹீமா பீவி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரரின் நாட்டைப் பார்த்தாயிற்றா என்று கேட்டேன்.

"எங்கிட்டுத் தம்பி பாக்குறது? என்னையத்தான் திருப்பி அனுப்பிட்டாகளே."

கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். உள்ளே ஒரு விசா மனு. சித்திரை மாதம் இவர் நிரப்பி, படகுக்காரர் பெரியண்ணன் கையில் கொடுத்து அனுப்பியது. மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு: 'புகைப்படத்தின் பின்னணி வெள்ளை அல்ல. திருத்திச் சமர்ப்பிக்கவும்.' கீழே நண்டு. எல்லாக் காலும் விழுந்திருந்தது.

தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவர்தானே, நேரில் கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டேனே. கொழம்பு ஊத்துறப்பக் கேட்டேன். 'வீட்டுல ஆபீஸ் பேச்சு பேசக் கூடாது, ஆபீசுக்கு வந்து கேளு'ங்கிறாக. ஆபீசுக்குப் போக விசா வேணும். விசாவுக்குப் போட்டா சரியில்ல. போட்டாவப் பத்திக் கேக்கணும்னா ஆபீசுக்குப் போகணும். எல்லாரும் அங்கிட்டிருந்து சென்ட்டும் போர்வையும் கொண்டாருவாக. இவுக ஒரு கவர்மெண்டையே பொட்டியில வச்சுக் கொண்டாந்துட்டாக."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு மனுவில் ஒட்டியிருந்த படத்தை விரலால் தொட்டுக் காட்டினார். முக்காடிட்ட இளம்பெண், பின்னால் அடர்ந்த நீலம்.

"இது நிக்காஹ் முடிஞ்ச மூணாம் வருசம் எடுத்தது தம்பி. 'விசா வந்துரும், நீலப் பின்னணி வச்சுப் போட்டா எடுத்து வையி'ன்னு லெட்டர் போட்டாக. அப்ப அந்த நாட்டு ரூலு நீலம். அறந்தாங்கி போயி எட்டுக் காப்பி எடுத்தேன். ஏழு அரிச்சுப் போச்சு. மிச்சம் கெடந்த ஒண்ணத்தான் இதுல ஒட்டுனேன்."

கவரை மடித்து வைத்துவிட்டு மீனிடம் திரும்பினார். "வெள்ளையாம்ல, வெள்ளை" என்றார். அடுத்த மீனின் தலை தேவைக்கு மேல் வேகமாகத் துண்டானது.

பெரியண்ணன் கரையில் படகைத் தள்ளிக்கொண்டே என் கையைப் பார்த்தார். "கேன் எங்க சார்?"

"என்ன கேன்?"

"நுழைவு வரி சார். ஆளுக்கு அஞ்சு லிட்டர் நல்ல தண்ணி. அங்கிட்டு ஒரு சொட்டு கெடையாது. கேன் இல்லாத ஆள எறக்கிவிட்டா எனக்கு மெமோ வரும்."

"உங்களுக்கு எதுக்கு மெமோ?"

"நான்தானே நேவி! சம்பளந்தான் வராது. மெமோ டயத்துக்கு வந்துரும்."

கடைக்குத் திரும்பிப் போனால் நீரோட்டம் மாறிவிடும் என்றார். திரும்பி வந்ததும் வாங்கித் தருவதாகச் சொல்லி ஏறிக்கொண்டேன்.

நாடு என்பது நான்கு கம்பு, நீலத் தார்ப்பாய், ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பெஞ்சு. பலகையில் சட்டங்கள். யாரும் யாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. வெயிலில் வரிசை நிறுத்தக் கூடாது. மனைவியை அழைக்கச் சம்பளம் தடையல்ல. கடைசிச் சட்டத்துக்கு மட்டும் இரண்டு கோட்டிங் பெயிண்ட்.

எனக்கு டோக்கன் கொடுத்து, "உக்காருங்க, கூப்பிடுறேன்" என்றார் ஹனீபா. மேசைக்கு இரண்டடி தள்ளியிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் பேனாக்களை நிறவாரியாக அடுக்கினார். கோப்பைத் திறந்தார். தொண்டையைச் செருமினார்.

"முப்பத்தெட்டு!"

காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன. நான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு எழுந்தேன்.

தனக்கும் அவர் சலுகை காட்டுவதில்லை. காலையில் வந்ததும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று தன் நோட்டை நீட்டுவார். அந்தப் பக்கம் சுற்றிப் போய் வாங்கிக் குத்துவார். சாயங்காலம் வீடு திரும்பும்போது வெளியேறும் முத்திரை. இது நான்காவது நோட்டு. வெயிலுக்கு எனக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். கொடுத்த கையோடு என் பெயருக்கு நேரே சிவப்புப் பேனாவால் 'அஞ்சு லிட்டர் பாக்கி' என்று எழுதிக்கொண்டார்.

அந்தப் பதிவேட்டைப் புரட்டினேன். பெயர்கள் இரண்டாம் எண்ணிலிருந்துதான் தொடங்கின. முதல் வரி வெறுமையாக இருந்தது.

"ஒண்ணாம் நம்பர்?"

"அது பெண்டிங்."

மனுவைப் பார்த்தேன் என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரூலுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே தம்பி. அங்கன எனக்குக் கொஞ்சம் கொறையுதுன்னு யாராச்சும் விட்டுக் குடுத்தாகளா? எம் பொண்டாட்டின்னு நான் தளர்த்திட்டா, அப்புறம் இது நாடா, வீடா?"

அந்த நீலப் படம் எப்போது எடுத்தது தெரியுமா என்று கேட்டேன். அறந்தாங்கி என்றேன். எட்டுக் காப்பி என்றேன். யார் போட்ட லெட்டர் என்று நான் சொல்லவில்லை.

ஹனீபா முத்திரையை எடுத்தார். ஹா, ஹா, ஹா என்று ஊதினார். முன்னால் தாள் எதுவும் இல்லை. திரும்ப வைத்துவிட்டார்.

"நான் மொகத்தப் பாக்கல தம்பி" என்றார். "பேக்கிரவுண்டத்தான் பாத்தேன். இருபத்தாறு வருசம் அதானே வேல."

பெரியண்ணன் படகிலிருந்து குரல் கொடுத்தார், தண்ணீர் ஏறுகிறதென்று. ஹனீபா அவரைப் பார்த்துக் கேட்டார்: "ஐப்பசி பொறக்க எத்தன நாளுய்யா இருக்கு?"

"ஒம்பது நாளு பாய். மழ முன்னாடியே எறங்குனா அதுவும் கெடையாது."

"போன வருசமும் இப்படித்தான் சொன்ன."

"போன வருசமும் முழுகத்தானே செஞ்சுச்சு."

எனக்கு வெளியேறும் முத்திரை கிடைத்தது. நண்டுக்கு இரண்டு கால் குறைந்திருந்தது. அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

படகு கொஞ்ச தூரம் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். ஹனீபா மேசைக்கடியிலிருந்து ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்து இரண்டு கம்புகளுக்கு நடுவில் கட்டிக்கொண்டிருந்தார். காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. மணலில் புரண்ட கீழோரத்தைச் சங்குகளை வைத்து அழுத்தினார். தன் நாற்காலியைத் தூக்கி வந்து அதற்கு முன்னால் போட்டார். பத்தடி பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். திரும்ப வந்து நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினார்.

பெரியண்ணன் எஞ்சினைக் குறைத்தார். "சட்டத்தைத் திருத்திட்டாரு பாய்! இனிமே போயி எறங்குன எடத்துல வச்சே போட்டா எடுத்துக்கலாம்போல."

கரைக்கு வந்ததும் ஐந்து லிட்டர் கேன் வாங்கி ரஹீமா பீவி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மதியச் சாப்பாட்டுத் தூக்கை எடுக்கப் பெரியண்ணன் தினமும் அங்கே வருவதால் அதோடு போய்விடும் என்று கணக்கு. பார்த்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"துணி சுருக்கமில்லாம இருந்துச்சா?"

காற்று பலமாக இருந்தது என்றேன்.

"அப்பச் சுருக்கமாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

கேனை வாசப்படியில் வைத்துவிட்டு வந்தேன். ஐந்து நாள் கழித்துப் பெரியண்ணனுக்குப் போன் போட்டு, என் பாக்கி தீர்ந்ததா என்று விசாரித்தேன்.

"எங்க சார் தீர? ரிஜிஸ்தர்ல உங்க பேரு இன்னும் செவப்பாத்தான் கெடக்கு. கேன் வாசப்படிய விட்டு நகரல. பாய் தெனம் அதத் தாண்டித்தான் போறாரு, தொட மாட்டாரு. வரிய அதிகாரியே தூக்கக் கூடாதாம். சரின்னு நான் தூக்கப் போனா, 'கெடக்கட்டும், வையி. ஆளுக்கு அஞ்சு லிட்டருதானே'ன்னுட்டாக அக்கா."

"அப்போ அந்தத் தண்ணீர் கெட்டுப்போயிருக்குமே?"

"அதெங்க சார் கெடும்? தெனம் வெள்ளன எந்திரிச்சுப் பழைய தண்ணிய முருங்கைக்கு ஊத்திட்டு, கேனக் கழுவிப் புதுசாப் புடிச்சு வைக்கிறாக."