வளையாத குண்டு

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கும் வளையாத குண்டு ஒன்று ஞானையனிடம் இருந்ததாகக் இங்கே மலேயாவில், கிள்ளான் துறைமுகத்தில் ஒருவர் சொன்னார். அவரும் அதைக் குழித்துறைச் சந்தையில் யாரோ சொல்லக் கேட்டவர்தான். மந்திரித்த ஈயமாம். மந்திரம் ஒன்றும் இல்லை. ஞானையனின் மனைவி லீலாபாய் என் சித்தி. ஊரிலிருந்து கடிதம் வந்தாலே பிரிக்கப் பயப்படுகிற நான், நடந்ததை அப்படி ஒரு கடிதத்தில்தான் படித்தேன்.

ஞானையன் பெரிய யுத்தத்தில் மெசபொத்தேமியாவில் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தவர். திரும்பி வந்ததும் மலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் காவல்காரராகச் சேர்ந்தார். பன்றியும் மிளாமானும் சுட்டுப் பதினாறு வருஷம் ஓடிவிட்டது. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்று குண்டைக் கிழக்கே தள்ளும். அதனால் தூரத்து இலக்கென்றால் மேற்கே சில முழம் தள்ளிக் குறி வைப்பார். குண்டு காற்றோடு சாய்ந்து வந்து சரியாகப் படும். தவறினாலும் கிழக்கேதான் போகும். ஆகவே அவர் சுடும்போது தோட்டத்து ஆட்கள் மேற்குப் பக்கம் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். அதுதான் பத்திரமான பக்கம்.

முப்பத்தாறாம் வருஷம் ஆடியில் ஒரு சிறுத்தை ரப்பர் பால்வெட்டுக்குப் போன இரண்டு பெண்களைக் கொன்றது. லீலாபாய்க்கும் அதே சரிவில்தான் பால்வெட்டு. பரண் கட்டிய பக்கம் அது வரவே இல்லை. ஓடைப் பள்ளத்துக்கு இக்கரையில் இருந்து, ஐந்நூறு கெஜத்தில் சுடுவது ஒன்றே வழி.

தோட்டத்துத் துரை தன் ரைபிளோடு இரண்டு வகைத் தோட்டா கொடுத்தார். ஒன்றில் லேசான, குட்டைக் குண்டு, சீறிப் பாயும். மற்றதில் கனத்த, நீளமான குண்டு. லண்டனிலிருந்து வந்தது, எட்டே எட்டு. எதை எடுப்பதென்று ஞானையன் திகைத்து நின்றபோது, கருவாடு விற்க வந்த கடியப்பட்டணம் மத்தியாஸ் கனத்ததை வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"வேய் ஞானையா, இது குண்டா, வள்ளமா? மூக்கும் கூர்மை, பின்பக்கமும் ஒடுங்கி இரிக்கு."

"கனம் கூடுதலு. பொறப்படும்போ வேகம் கொறையுமே?"

"கரையில வேகம் பாத்து என்ன செய்ய? கனத்த வள்ளம் கடல்ல மெதுவாத்தான் எறங்கும். ஆழத்துக்குப் போனா காத்து அதுக்கிட்ட செல்லாது. லேசான கட்டுமரம் என் மச்சினன மாதிரி. எவன் ஊதினாலும் அவன் பக்கம் போவான்."

ஞானையன் கனத்ததையே எடுத்தார். காற்று அடங்கிய விடியற்காலையில் மூன்றைச் சுட்டு, உயரத்துக்கான அடையாளம் வைத்துக்கொண்டார். மிச்சம் ஐந்து. காற்றில் ஒன்றைச் சுட்டுப் பார்க்க மனம் வரவில்லை. இனி எப்போது கிடைக்குமோ என்று பெட்டியை மூடிவிட்டார்.

எதிர்ச் சரிவில் ஆடு கட்டினார்கள். மறைவில் இருந்து கயிற்றை இழுத்து ஆட்டைக் கத்தவைக்க ஓர் ஆள் வேண்டும். லீலாபாயின் தம்பி ராஜையன் முன்வந்தான். ஆட்டுக்கு மேற்கே ஒரு பாறையைக் காட்டினான்.

"அங்க வேண்டாம்லே."

"அத்தான் சுட்டா மேக்கதான் இரிக்கணும்னு பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நாளைக்கு அக்கா அந்த வழியாத்தானே போணும்?"

"தலைய நீட்டாத, மக்கா."

"நீட்டினா என்ன? உம்ம குண்டு புலிய விட்டு வேற எங்கயும் போவாதுன்னு ஊரே சொல்லுதே!"

நாலு மணிக்குச் சிறுத்தை வந்தது. ஆட்டுக்கும் பாறைக்கும் நடுவே, பாறையை ஒட்டிப் பதுங்கியது. காற்று காதில் இரைந்தது. ஞானையன் மூச்சை அடக்கினார். இந்தக் குண்டுக்குப் பாதி தள்ளினால் போதும் என்று அவர் மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஆனால் பதினாறு வருஷத்துக் கை, கேட்காமலே குழலைப் பழைய அளவுக்கு மேற்கே நகர்த்திவிட்டது. விசையை இழுத்த பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. லேசான குண்டாக இருந்தால் காற்று அதைச் சிறுத்தைமேல் கொண்டுவந்து சேர்த்திருக்கும். இது அவ்வளவு சாயவில்லை. பாறை விளிம்பில் தூசி பறந்தது. சிறுத்தை பாய்ந்து மறைந்தது. ஆட்டுக்கயிறு தளர்ந்து விழுந்தது.

ஈயமும் கல்சில்லுகளும் ராஜையனின் கழுத்தில் ஏறியிருந்தன. லீலாபாய் அவன் தலையை மடியில் தாங்க, துரை காரில் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "விஷயம் தெரிந்ததும் நாகர்கோவில் வந்து போன் பண்ணுகிறேன். நீதான் எடுக்க வேண்டும்" என்று ஞானையனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை தோட்டத்து ஆபீசில் ஞானையன் தனியே உட்கார்ந்திருந்தார். மேசையில் நாலு தோட்டா. வெளியே பால்வெட்டுப் பெண்கள் சரிவுக்குப் போகப் பயந்து வாளியோடு நின்றார்கள். ஒன்பது மணிக்கு போன் அடித்தது. எழுந்து கையை நீட்டினார். நீட்டியது எந்தக் கை என்று பார்த்ததும் அது அப்படியே நின்றுவிட்டது.

"எடுங்க அண்ணாச்சி," என்றாள் வாசலில் நின்ற ஒருத்தி.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.