நாவுல சாவடியில் கழுவிய தூண்டில்கள்

மாத்தளையில் இருந்துகொண்டு கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் கடலுக்குப் போய் மீன் பிடிப்பதில் பெரிய தொல்லை தூரம்தான். நிலாவெளியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர். முதல் முறை போய்வந்தபோது தூண்டில்களை அப்படியே வேனில் போட்டுக் கொண்டுவந்து மறுநாள் ஆறுதலாகக் கழுவினேன். அதற்குள் நூல் சுற்றும் ரீலில் உப்பேறி, கைப்பிடி சுற்ற மறுத்துவிட்டது. போர்நிறுத்தம் இருந்தும் சமாதானப் பேச்சு முடங்கிக் கிடந்த அந்த வருடத்து ஆகஸ்டில் மறுபடி புறப்பட்டபோது, வழியிலேயே உப்பைக் கழுவ ஏதாவது கொண்டுபோவது என்று முடிவு செய்தேன்.

எதைக் கொண்டுபோவது என்பதில்தான் குழப்பம். கொழும்பு நண்பன் ஒருவன் வேகமாகப் பீச்சியடிக்கச் சொன்னான். டவுனில் ரீல் திருத்துபவரோ, வேகமாக அடித்தால் உப்பு உள்ளே போய்விடும் என்றார். வாளியில் ஊறப்போடச் சொன்னார் ஒருவர். ஊறவே விடாதே என்றார் அவருடைய தம்பி. கடைசியில் மூடியில் ஊசித்துளை போட்ட சோடாப் போத்தல், குழாய் வைத்த பெரிய கேன், இரத்தோட்டையில் என் மச்சான் மிளகுக் கொடிக்கு மருந்தடிக்கும் ஐந்து லீட்டர் கைமெஷின் என்று மூன்றையும் ஏற்றிக்கொண்டேன். மெஷினைச் சவர்க்காரம் போட்டுப் பலமுறை கழுவியிருந்தேன். வாடை மட்டும் போகவில்லை.

வேன் நஸீர் நானாவுடையது, ஓட்டியதும் அவர்தான். போக வர வாடகை 6,500 ரூபாய், சாப்பாடு என் செலவு. நிலாவெளியில், கரையிலிருந்து கூப்பிடு தூரம் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையோடு கடற்படையினர் கயாக்கை இறக்க விட்டார்கள். இரண்டு பாரை மீன் கிடைத்தது. கரையேறியதும் தங்குமிடத்துக் கிணற்றில் அள்ளிய தண்ணீரால் மூன்று வகையிலும் கழுவினேன். காய்ந்ததும் பார்த்தால், ரீல் முழுக்க மறுபடி வெள்ளை பூத்திருந்தது. எந்த வகையில் பிழை விட்டேன் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

நஸீர் நானா சிரித்தார். "தம்பி, இந்தக் கெணத்துத் தண்ணியே உப்புதானே. காலைல டீ குடிச்சீங்களே, வெளங்கலியா?"

ஆகவே திரும்பும்போது தம்புள்ளையில் ஒரு தேநீர்க் கடைக் குழாயில் நல்ல தண்ணீர் பிடித்து மெஷினை நிரப்பினோம். நாவுல தாண்டி, நிழலான இடமாகப் பார்த்துக் கழுவலாம் என்பது திட்டம். ஆனால் நாவுலவுக்குச் சற்று முன்னாலேயே இராணுவச் சோதனைச் சாவடியில் ஒரு சார்ஜன்ட்டும் இரண்டு சிப்பாய்களும் மறித்தார்கள்.

முதலில் என் அடையாள அட்டை. தமிழ்ப் பெயரைப் படித்துவிட்டுச் சார்ஜன்ட் வேனின் கூரையைப் பார்த்தார். அங்கே கட்டியிருந்த மஞ்சள் கயாக்கை ஒரு சிப்பாய் தட்ட, உள்ளே கசிந்திருந்த கடல்நீர் களக் களக் என்றது. மாத்தளையில் எங்கே கடல் என்று சிங்களத்தில் கேட்டார் சார்ஜன்ட். நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள் சிப்பாய் மெஷினை வெளியே எடுத்துவிட்டார்.

"மே மொகக்த?" இது என்ன என்று கேட்டார்.

"தண்ணீர்."

சார்ஜன்ட் மூடியைத் திறந்து முகர்ந்தார். முகம் மாறியது. "தண்ணீர் என்றால் குடி."

என்னால் குடிக்க முடியவில்லை. உள்ளே இருந்தது நல்ல தண்ணீர்தான்; ஆனால் அது இருந்த பாத்திரம் எனக்குத் தெரியும். நான் தயங்கத் தயங்க, இரண்டு சிப்பாய்களும் வேனை விட்டு விலகினார்கள். எனக்கு உதவ நினைத்து நஸீர் நானா வாயைத் திறந்தார். "அவரால குடிக்க ஏலாது சேர், அது நஞ்சு அடிக்கிற மெஷின்." அவர் சொன்ன சிங்களத்தில் எனக்குத் தெளிவாகக் கேட்டது நஞ்சு என்ற சொல் ஒன்றுதான். அவர்களுக்கும் அதுதான் கேட்டிருக்க வேண்டும். துப்பாக்கி ஒன்று என் பக்கம் திரும்பியது.

சார்ஜன்ட் மெஷினை மெல்லக் கீழே வைத்தார். "நீயே அடித்துக் காட்டு."

எடுத்துப் பம்ப் பண்ணினேன். முதலில் என் கையில் அடித்தேன். பிறகு ரீலில். பனிமாதிரி மெல்லியதாக வந்தது. "மற்றதிலும்," என்றார் சார்ஜன்ட். கம்பு, கொக்கிப் பெட்டி, துடுப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட அடித்துக்கொண்டே போனேன். உப்பு ரீலை அரித்துவிடும், வீடு போகும்வரை தாங்காது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். மெஷின் காலியானபோது எல்லாமே கழுவி முடிந்திருந்தது. சார்ஜன்ட் ஒரு ரீலை எடுத்துச் சுற்றிப் பார்த்தார். அது சுற்றியது. "போ," என்றார்.

என் வாய் வறண்டிருந்ததை மெஷினை எடுத்த சிப்பாய் கவனித்திருக்க வேண்டும். சாவடிக்குள் போய்த் தங்கள் குடிதண்ணீர் ஜக்கைக் கொண்டுவந்தார். முதலில் தானே ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அது பழக்கமா, இரக்கமா, அல்லது எனக்குப் பயம் வேண்டாம் என்று காட்டியதா, தெரியவில்லை. வாங்கிக் குடித்தேன்.

"வேனுக்குள்ள ஏறுங்க தம்பி, போதும்," என்றார் நஸீர் நானா.

அந்த ரீல்கள் இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. நல்ல தண்ணீரா, மெல்லிய தூறலா, நான் நிதானமிழந்து ஒன்றையும் விடாமல் அடித்ததா, எது காப்பாற்றியது என்று என்னால் சொல்ல முடியாது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். போத்தல் சின்னச் சாமான்களுக்குப் போதும். பெரிய கேன் கயாக்குக்கு நல்லது, ஆனால் வேனில் சாய்ந்து கொட்டும். ரீலுக்குக் கைமெஷின்தான் வசதி. முதலில் ரீலின் திருகைத் தண்ணீர் உள்ளே போகாதபடி இறுக்கிக்கொண்டு, மெதுவாக அடியுங்கள். கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்காமல் பிடிக்காதீர்கள். கயாக்கின் உள்நீரைக் கிளம்புமுன் வடித்துவிடுங்கள்.

மெஷினை மட்டும் யாரிடமும் இரவல் வாங்காதீர்கள், புதிதாக வாங்குங்கள். இந்த நாட்டில் எந்த வளைவிலும் யாராவது மறித்து, அதிலுள்ளதைக் குடித்துக் காட்டச் சொல்லலாம்.