கசகசாவுக்கு ஊற்றிய தண்ணீர்

அஸ்ஸலாமு அலைக்கும். இலங்கையில், கல்முனைக்குடியில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கு வாய் நீளம். ஆனால் இந்த ஒரு கதையை மட்டும் இரண்டு நோன்புக் காலமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். வெட்கம்தான் காரணம். அல்லாஹ் செய்த உதவியை மறைப்பது நன்றி கெட்ட வேலை என்று என் மனைவி சிபானா சொன்னதால் இப்போது எழுதுகிறேன்.

நான் ஓர் அரபு நாட்டில் அணு மின் நிலையத்தில் வேலை செய்கிறேன். பெரிய இன்ஜினியர் என்று நினைத்துவிடாதீர்கள். உலையை நிறுத்திப் பழுது பார்க்கும் காலத்தில், வெல்டிங் நடக்கும் இடத்தில் தீயணைக்கும் சிலிண்டரோடு நிற்பவன். பொறி எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். பற்றினால் அணைக்க வேண்டும். கண் அசரக்கூடாது. அதனால் தினமும் காலையில் ஒரு தாள் தருவார்கள். குடித்தாயா, மாத்திரை ஏதும் போட்டாயா, போதிய அளவு தூங்கினாயா என்று அதில் கேட்டிருக்கும். பதிலுக்கு அடையாளம் போட்டுக் கையெழுத்து வைத்தால்தான் உள்ளே விடுவார்கள். கூட வேலை செய்பவன் சரியில்லை என்று கண்டால் உடனே அறிவிக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம்.

அந்த நோன்பில் என் மகளுக்கு டெங்கு. ஆறு வயதுப் பிள்ளை. ஊரில் ஆஸ்பத்திரி வார்ட்டில் சிபானா, இங்கே கேம்ப் அறையில் போனும் கையுமாக நான். மூன்று இரவு கண் மூடவில்லை. மூன்றாம் இரவு முடியும்போது காய்ச்சல் இறங்கிவிட்டது என்றாள். அல்ஹம்துலில்லாஹ் என்று எழுந்து வேலைக்குப் போனேன். தூங்கவில்லை என்று சொன்னால் அடுத்த வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று பயம். 'தூங்கினேன்' என்று அடையாளம் போட்டேன். முந்திய இரண்டு நாளும் அப்படித்தான் போட்டிருந்தேன்.

அன்று பன்னிரண்டாம் நோன்பு. ளுஹர் தொழுகைக்கு முன்னர், நின்றபடியே கண் செருகிவிட்டது. எங்கள் சூப்பர்வைசர் முருகேசன் அண்ணன் தோளைத் தட்டினார். அவர் தமிழ்நாட்டில் விருதுநகர்ப் பக்கம்.

"என்னய்யா, கண்ணு சொக்குது? என்ன போட்ட?"

"ஒண்டும் போடல்லண்ணன். நேத்து நோன்பு துறக்கக்குள்ள குடிச்ச சர்பத்துதான். கசகசா போட்ட சர்பத்து. ஊருல இருந்து கொண்டு வந்த. உடம்புக்கு நல்ல குளிர்ச்சி."

வாய் நீளம் என்றேன் அல்லவா? அவர் முகம் வெளிறிப் போனது.

"கசகசாவா? யோவ், இந்த நாட்டுல அது போதைப்பொருள்யா! பிடிச்சு உள்ள போட்டுருவான்!"

நல்ல மனிதர். ஆனால் கேட்ட பிறகு மறைத்தால் அவருக்கும் குற்றம். வாக்கிடோக்கியில் அறிவித்தார். கழுத்தில் தொங்கிய என் நுழைவுப் பாஸைக் கழற்றினார்கள். சிறுநீர் எடுத்தார்கள். என் அறையில் இருந்த போத்தலையும் எடுத்து வந்தார்கள். அதில் சிபானா தன் கையெழுத்தில் 'கசகசா' என்று எழுதி ஒட்டியிருந்தாள். அதை அதிகாரிக்கு முருகேசன் அண்ணன்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. அரபியிலும் அந்தப் போதைச் சாமானுக்கு ஏறக்குறைய அதே பெயர். மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

அறையை விட்டு வெளியே போகாதே என்றார்கள். விளக்கம் கேட்டு முடிவு சொல்வார்களாம். அதன் பிறகு பொலிஸ்.

அந்த மூன்று நாளையும் என் எதிரிக்கும் அல்லாஹ் கொடுக்கக்கூடாது. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பினால் சோறு இறங்கவில்லை. அதுவரை ஒரே தட்டில் நோன்பு துறந்தவர்கள் பேரீச்சம்பழத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பயம். என் உம்மா கரைத்த சர்பத், பள்ளிவாசலில் ஊற்றிய சர்பத், எல்லாம் கண்ணுக்குள் வந்தது. அறிவு தெரிந்த நாள் முதல் ஹறாமையா குடித்தோம்? காய்ச்சலில் இருந்து தப்பிய என் பிள்ளை வாப்பாவை எப்போது பார்ப்பாள்? விடை தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

சிபானா போனில் அழுதாள். பிறகு கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, நீங்க அவங்களுக்கிட்ட பொய் ஒண்டும் சொல்லல்லயே?"

"இல்ல."

"அப்ப பயப்படாதீங்க. உண்மையச் சொல்லி அல்லாஹ்ட்ட கேளுங்க."

போனை வைத்துவிட்டு அஸர் தொழுதேன். நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் கிடந்து, 'படைத்தவனே, நான் பொய் சொல்லாதவன், என்னைக் காப்பாற்று' என்று கேட்கப் போனேன். நாக்கு எழவில்லை. மூன்று நாள் காலையிலும் நான் போட்ட அடையாளம் கண் முன்னால் நின்றது. தேம்பித் தேம்பி அழுதேன். "யா அல்லாஹ், நான் பொய்யன்தான். தூங்காமல் தூங்கினேன் என்று எழுதினேன். இதில் இருந்து என்னை விடுவித்தால் அதையும் அவர்களிடம் சொல்லிவிடுகிறேன்" என்று கேட்டேன்.

அடுத்த நாள் காலை கூப்பிட்டார்கள். மிஸ்ர், அதாவது எகிப்து நாட்டு டாக்டர் அம்மா ஒருவர் இருந்தார். சிறுநீரில் ஒன்றும் இல்லை. ஆனால் போத்தல் இருக்கிறதே, அதை வைத்திருந்ததே குற்றம் என்றார் பக்கத்தில் இருந்த அதிகாரி. டாக்டர் மட்டும் யோசித்தார். குடித்திருந்தால் சோதனையில் காட்டியிருக்குமே, இதை எப்படிச் சாப்பிடுகிறாய் என்று கேட்டார். மொழிபெயர்க்க வந்திருந்த முருகேசன் அண்ணன் என்னிடம் திரும்பினார்.

"அரைச்சுக் குழம்புல தானே ஊத்துவீங்க?"

"ஆரண்ணன் கசகசாவ அரைக்கிற? தண்ணிக்க ஊறப் போடுற. வீங்கி வெள்ளையா வழுவழுண்டு வருமே!"

"வீங்குமா? கசகசா எங்கய்யா வீங்கும்?"

டாக்டர் எழுந்து ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்தார். போத்தலில் இருந்து ஒரு சிட்டிகை போட்டார். என் வாய் உள்ளுக்குள் ஓதிக்கொண்டிருந்தது. கறுப்பு விதைகள் ஒவ்வொன்றாக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வீங்கின.

"அட கடவுளே, இது சப்ஜா! துளசி மாதிரி ஒரு செடியோட விதை. எங்க ஊர்ல ரோட்டுக் கடையில சர்பத்துல போட்டுக் குடுப்பான். இதையாடா கசகசாங்குற?" என்று முருகேசன் அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அவர் கண்ணிலும் தண்ணீர். ஒரே தமிழ்தான், ஆனால் கசகசா என்றால் அவருக்கு அபின் செடி விதை, எனக்கு இந்தச் சப்ஜா.

அதிகாரி என் ஃபைலை மூடினார். போகலாம் என்றார். வாசல் வரை வந்துவிட்டேன். அப்போது டாக்டர் பின்னால் இருந்து கேட்டார். "அப்படியானால் அன்று ஏன் உனக்குத் தூக்கம் வந்தது?"

நோன்புக் களைப்பு என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள். சுஜூதில் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மகளின் டெங்கு, மூன்று இரவு, மூன்று பொய், எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனது என்றே நினைத்தேன்.

எழுத்தில் ஓர் எச்சரிக்கை தந்தார்கள். இரண்டு நாள் தூங்கிவிட்டு வா என்றார்கள். அவ்வளவுதான். அறைக்கு வந்து சிபானாவுக்குப் போன் எடுத்து, அவளிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

பாஸைக் கேட்டு அல்லாஹ்விடம் அழுதேன், தந்தான். ஆனால் அவன் அதைப் பறித்த நாளில்தான் என் துஆ தொடங்கியிருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் கண் சொக்கிய நேரத்தில் ஒரு பொறி விழுந்திருந்தால்? என் அருகில் வெல்டிங் செய்தவனுக்கும் ஊரில் பிள்ளைகள் இருந்தார்கள்.

சகோதரர்களே, சகோதரிகளே, கையேந்தும்போது நாக்கு எந்த இடத்தில் தடுக்குகிறது என்று பாருங்கள். அதை முதலில் அவனிடம் சொல்லுங்கள். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான். போன மாதம் உம்மாவுக்கு நெஞ்சுவலி என்று ஓர் இரவு முழுக்க விழித்திருந்தேன். காலையில் தாள் வந்தது. தூங்கினாயா என்ற கேள்விக்கு, பிஸ்மி சொல்லி, 'இல்லை' என்று அடையாளம் போட்டேன்.