மாடு எப்படி விலகும் என்று கேட்டவர்

றோசலின் அக்காவின் குரல்செய்தி வந்தபோது நான் லண்டனில் ஒரு சலவைக்கடையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். அதுதான் இப்போது என் வேலை. "தங்கச்சி, எங்கட அன்ரன் நேற்றுப் பின்னேரம் போயிட்டான். நெஞ்சு நோகுது எண்டு கதிரையிலை இருந்தவன், எழும்பேல்லை. இண்டைக்கு பஸ்ஸும் ஓடேல்லை" என்றார் அக்கா. பஸ் ஓடவில்லை என்று கேட்ட பிறகுதான் அன்ரன் அண்ணை செத்துப்போனார் என்பது எனக்கு உறைத்தது. பதினொரு நாட்களுக்கு முன் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருந்தார். நான் அதற்குப் பதில் போடவில்லை.

குறிகாட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் போகும் அந்த பஸ்ஸில் ஏறி இறங்கியவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த பஸ்ஸின் சாரதி, சுருவில் ஊர் ஆள். ஐம்பத்திரண்டு வயது. கேள்வி கேட்காமல் அவரால் ஒரு மைல் ஓட ஏலாது. நயினாதீவிலிருந்து படகில் வந்து ஏறும் யாத்திரிகரிடம் அவர்களுடைய ஊரில் கிணற்றுத் தண்ணீர் இனிக்குமா என்று கேட்பார். மீன் கடகத்தோடு ஏறும் றோசலின் அக்காவிடம், மீன் நித்திரை கொள்ளுமா என்று கேட்டு ஏச்சு வாங்குவார். "கடவுள் வாயைத் தந்தது சோறு தின்ன மட்டுமில்லை" என்பது அவருடைய பதில்.

நான் மடத்துவெளியில் ஏறுவேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். முப்பத்தெட்டு வயதில் கல்யாணமாகி, மூன்றே வாரத்தில் கணவர் லண்டனுக்குத் திரும்பிவிட்டார். நானும் போவதென்றால் ஆங்கிலத்தில் பேசிக் காட்டும் ஒரு பரீட்சையில் தேற வேண்டும். விடுமுறைக்குப் போன இடம் பற்றிப் பேச, பரீட்சைக்குப் படிப்பிக்கும் ரியூட்டரியில் வகுப்பு முழுவதற்கும் ஒரே விடுமுறையைத்தான் எழுதித் தந்தார்கள்: நுவரெலியா. குளிர், தேயிலை, நீர்வீழ்ச்சி. வாகனம் ஓட்டுவது பற்றி ஏழு வரி, மின்சாரக் கார் பற்றி எட்டு வரி. கிளிப்பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் பாடமாக்கிக்கொண்டு போனேன். எனக்கு முன்னே போன நால்வரும் அதே நீர்வீழ்ச்சியின் கீழ்தான் நின்றிருக்கிறார்கள். என்னைப் பரீட்சித்த பெண்மணி, அந்த ஊரில் உங்களுக்குப் பிடிக்காதது எது என்று கேட்டார். நான் ஒருநாளும் கண்டிராத ஊரில் எனக்கு எது பிடிக்காமல் போகும்? நீர்வீழ்ச்சியையே திரும்பச் சொன்னேன். பெறுபேறு எப்படி வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. "பரவாயில்லை, திரும்ப எடுக்கலாம்" என்று கணவர் தொலைபேசியில் சொன்ன குரலில் தெம்பு இல்லை. எனக்கும் இல்லை. இரண்டாம் முறையும் தவறினால் இந்தக் கல்யாணம் தொலைபேசிக்குள்ளேயே முடிந்துவிடும் என்று பயந்தேன்.

அடுத்த நாள் காலை அண்ணை கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டார். பயணிகளைப் பார்ப்பதற்குச் சாரதியின் தலைக்கு மேலே இருக்குமே, அந்த நீளக் கண்ணாடி. என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப நான் கேக்கிறன், நீர் இங்கிலீசிலை சொல்லும்."

"உங்களுக்கு இங்கிலீசு விளங்காதே அண்ணை?"

"முகம் விளங்கும். பயப்பிடாமல் சொல்லும்."

பிறேக், கிளச், கியர் தவிர வேறு ஆங்கிலம் தெரியாத ஒருவர் எனக்குப் பரீட்சகர் ஆனது இப்படித்தான். அவர் தமிழில் கேட்பார், நான் முன்சீற்றில் இருந்து ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். "இது ரியூட்டரி" என்றால் பாடமாக்கியது, தவறியாயிற்று. "இது நீர்" என்றால் நானே சொன்னது, தேறினேன். மனிதர் ஒருமுறைகூடப் பிழை விடவில்லை. அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு மாதத்தில் முழு பஸ்ஸும் பரீட்சகர்களாகிவிட்டது. ஆறு பேர் சேர்ந்து "ரியூட்டரி!" என்று கத்தும்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

விடுமுறைக் கேள்வியில்தான் நான் திரும்பத் திரும்ப விழுந்தேன். "நான் எங்கை அண்ணை லீவிலை போனனான்? நீங்கள் போனனீங்களோ?" என்று ஒருநாள் சினந்தேன். "போறனான்தானே" என்றார். "லீவு நாளிலை இதே பஸ்ஸிலை கடைசிச் சீற்றிலை ஏறி இருப்பன். ஓடேக்கை நான் றோட்டைத்தான் பாக்கிறது. பாலத்திலை ரெண்டு பக்கமும் கடல் எண்டு சனம் சொல்லுது, அதைப் பாக்க வேண்டாமோ?" பஸ் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, உண்மையாகத்தான் சொன்னார்.

அதைக் கேட்ட பிறகுதான் என் வாய் திறந்தது. கணவர் திரும்பிப் போவதற்கு முதல் நாள் இருவரும் சாட்டிக் கடற்கரைக்குப் போனோம். சோற்றுப் பார்சலுக்குள் மணல் விழுந்தது. மழை பெய்தது. ஒரு குடைக்குள் நின்றோம், என்ன கதைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. என் வாழ்க்கையில் விடுமுறை என்றால் அந்த ஒரு பின்னேரம்தான். சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பஸ் பாலத்தைக் கடந்தது. அண்ணை கண்ணாடியைப் பார்த்து, "இது நீர்" என்றார். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். றோசலின் அக்கா மீன் கையாலேயே என் முதுகைத் தடவினார்.

மின்சாரக் கார் இன்னொரு கதை. ஒரு சனிக்கிழமை சாட்டிக்குத் திரும்பும் சந்தியில் அப்படி ஒரு கார் நின்றது. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண் ஒருத்தி, வாடகைக்கு எடுத்து வந்து, வழி தெரியாமல் நின்றாள். அண்ணை பயணிகள் நிறைந்த பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு இறங்கினார். பஸ்ஸும் இறங்கியது. அவளுக்குத் தமிழ் பேச வராது. "தங்கச்சி, நீர் வாரும். நான் கேக்கிறதை அவவுக்குச் சொல்லும்" என்றார்.

பற்றரி எங்கே இருக்கிறது? வெள்ளத்துக்குள் விட்டால் என்ன ஆகும்? கடல் உப்புப் பட்டால்? கேள்விகள் முடியவில்லை. பிறகு அவளைக் காரை ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டார். சத்தமே இல்லை. அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப மாடு எப்பிடி விலகும்? எங்கட மாடு எஞ்சின் சத்தத்துக்குத்தானே எழும்பும். இது பக்கத்திலை வந்து நிண்டாலும் அதுக்குத் தெரியாதே. கேளும், கேளும்." கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், அதைத் தான் ஒருநாளும் யோசிக்கவில்லை என்றாள். பஸ் திரும்பப் புறப்பட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது, நான் அரை மணித்தியாலம் பாடமாக்காத ஆங்கிலம் பேசியிருக்கிறேன். அண்ணை அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருக்கு மாட்டுக் கவலை.

இரண்டாம் முறை என்னைப் பரீட்சித்த பெண்மணி, மின்சாரக் காரால் என்ன தீமை என்று கேட்டார். நான் எங்கள் தெருவில் படுத்திருக்கும் மாடுகளைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நான் சொல்வதைக் கேட்டார். அந்தத் துணிச்சலில், நீங்கள் அப்படி ஒன்றை ஓட்டியிருக்கிறீர்களா என்று நானே கேட்டுவிட்டேன். கேள்வி கேட்பது தன்னுடைய வேலை என்றார் புன்னகையோடு.

தேறிய செய்தியையும் நான் கேட்ட கேள்வியையும் சொல்ல பஸ்ஸுக்கு ஓடினேன். "நல்லது, நல்லது. அவ ஓடியிருக்கிறாவோ இல்லையோ?" என்றார்.

"சொல்லேல்லை அண்ணை."

"சே!" என்று ஸ்ரியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார்.

இங்கே வந்த பிறகும் அவருடைய கேள்விகள் குரல்செய்தியாக வந்துகொண்டேயிருந்தன. மின்சாரக் கார் மெதுவாகப் போகும்போது ஆட்களுக்குக் கேட்பதற்கென்று ஒரு சத்தத்தைச் செய்து பூட்டியிருக்கிறார்கள் என்று இங்கேதான் அறிந்தேன். சொல்லி அனுப்பினேன். "பாத்தீரோ! மாட்டைப் பற்றி அவையளும் யோசிச்சிருக்கினம்!" என்று பதில் வந்தது. அவ்வளவு சந்தோசமான குரலை நான் பிறகு கேட்கவில்லை. கடைசியாக வந்தது இது: "தங்கச்சி, அந்தக் கார் சாஜ் ஏறுமட்டும் ஆக்கள் உள்ளுக்கை இருக்கினம் எண்டு சொன்னனீர். இருந்து என்ன செய்யினம்? ஒருத்தரைக் கேட்டுச் சொல்லும்."

முன்பின் தெரியாதவரின் கார்க் கண்ணாடியைத் தட்டிக் கேட்பதா? வெட்கப்பட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று பதினொரு நாள் போய்விட்டது.

செய்தி வந்த மறுநாள் மத்தியானம், சலவைக்கடைக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஒரு காரின் கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே ஒரு வயதானவர். முதலில் பயந்துவிட்டார். குறுக்கெழுத்துப் போட்டி நிரப்புகிறேன், வீட்டில் இருந்தால் மனைவி விடைகளை முந்திச் சொல்லிவிடுகிறாள் என்றார். ஏன் கேட்கிறீர்கள் என்றார். இது என் கேள்வி இல்லை என்று தொடங்கினேன். கண்ணாடி, பாலம், கடைசிச் சீற், மாடு எல்லாம் சொன்னேன். சார்ஜ் ஏறி முடிந்து வெகுநேரமாகியும் அவர் போகவில்லை. அவர் காதுக்கு என் ஆங்கிலம் எப்படி இருந்ததோ தெரியாது. ஆனால் பேசும்போதெல்லாம் எனக்கு முன்னால் ஒரு நீளக் கண்ணாடி இருந்தது, அதற்குள் இரண்டு கண்கள். அன்ரன் அண்ணையிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். அது போகாது.

அவர் கேட்ட கேள்விக்கான பதிலை றோசலின் அக்காவுக்கு அனுப்பினேன். செத்தவீடு முடிந்து, வேறொருவர் ஓட்ட, பஸ் திரும்பவும் ஓடத் தொடங்கிய நாளில் அக்காவின் செய்தி வந்தது. பின்னால் பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. "எல்லாருக்கும் போட்டுக் காட்டினனான் தங்கச்சி. அழுதுபோட்டு இப்ப எல்லாரும் கேக்கினம், அந்த மனுசிக்கு எப்பிடி விடை முந்தித் தெரியுது எண்டு."

அந்தப் பெரியவர் வியாழக்கிழமைகளில் வருவாராம். கேட்டுச் சொல்கிறேன், அண்ணை.