சபாபதி வாய் திறக்காத சனிக்கிழமை

மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே யார்டில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் வேலை பார்த்த சபாபதிக்கு உடம்பு ஒல்லி, குரல் மட்டும் பத்து ஆளுக்குப் போதும். எஞ்சின் இரைச்சலைத் தாண்டி டிரைவர் காதில் விழவேண்டுமே என்று இருபது வருஷம் கத்திப் பழகிய தொண்டை அது. சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் அந்தத் தொண்டை செலாங்கூர் பந்தாட்டக் குழுவுக்குச் சொந்தம். பாடாங் திடலின் ஓரத்தில் நிற்பார். இடது பக்கம் ஆடும் வாசுவுக்கு முன்னால் இடம் காலியானதும், "லைன் கிளியர்!" என்று ஒரு குரல் கொடுப்பார். யார்டில் வண்டியை விடச் சொல்கிற அதே வார்த்தைதான். சீனரும் மலாய்க்காரரும்கூட அதைப் பிடித்துக்கொண்டு அலறுவார்கள். அதைக் கேட்டால்தான் வாசு ஓடுவான் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரே சபாபதிதான் என்றும் சொல்வார்கள். நமக்கெதற்கு வம்பு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு வருஷம், மலாயா கிண்ண அரையிறுதியில் செலாங்கூர் தோற்கிற நிலையில் இருந்தது. சபாபதி கண்ணை மூடிக்கொண்டார். "முருகா, இதை மட்டும் ஜெயிக்க வச்சிடு. வர்ற ஆடிக் கிருத்திகைக்குப் பொழுது விடிஞ்சதுலேருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் வாயே திறக்க மாட்டேன்." பாலோ பழமோ வேண்டிக்கொண்டிருக்கலாம். மனுஷன் தன்னிடம் இருந்ததிலேயே பெரிய பொருளைக் கொடுத்துவிட்டார். செலாங்கூரும் ஜெயித்தது.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். மனைவி புஷ்பவல்லி பேசாமல் பஞ்சாங்கத்தைப் புரட்டினாள்.

"பைனல் என்னைக்குங்க?"

"அடுத்த சனிக்கிழமை. சிங்கப்பூரோட."

"ஆடிக் கிருத்திகையும் அன்னைக்குத்தான்."

கத்தினால் சாமி குத்தம், குழு தோற்கும். கத்தாவிட்டால் வாசு ஓடமாட்டான், அப்போதும் தோற்கும். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்த்த கிராணி கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர், படித்தவர். சபாபதி அவரிடம் போய் யோசனை கேட்டார்.

"முருகனிட்டைச் சொல்லி வேற நாளுக்கு மாத்தும்" என்றார் கிராணி.

"ஐயா, சாமிகிட்ட லீவு லெட்டரா நீட்ட முடியும்?"

அந்தச் சனிக்கிழமை காஜாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வந்த ரயில்களில் மூச்சுவிட இடமில்லை. பந்திங் தோட்டத்து ஆட்கள் லோரியில் நின்றுகொண்டே வந்தார்கள். திடலைச் சுற்றியிருந்த மரங்களிலும் தலைகள்தான். பந்தாட்டமே பார்த்தறியாத புஷ்பவல்லியும் வந்திருந்தாள். ஆசைப்பட்டு இல்லை, புருஷன் வாய் தவறிக் கத்திவிடுவாரே என்ற பயத்தில் காவலுக்கு.

பத்து நிமிஷம்தான் பாக்கி. ஆளுக்கு ஒரு கோல். வாசுவிடம் பந்து வந்தது. முன்னால் ஒருவருமில்லை. அவன் கூட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துத் தயங்கினான். அதற்குள் பந்தைப் பிடுங்கிவிட்டார்கள். இரண்டாவது தடவையும் அதே கதைதான். சபாபதி துண்டை வாயில் திணித்துக்கொண்டு நின்றார், கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அண்ணே, ஒரு தடவை கத்துங்கண்ணே" என்று பின்னாலிருந்து கெஞ்சினார்கள்.

"முருகன் கோவிக்க மாட்டார், கத்தும்" என்றார் பக்கத்தில் நின்ற கனகசபை.

மூன்றாவது தடவை வாசு காலில் பந்து. இடமும் காலி. சபாபதி துண்டை உருவி எறிந்தார். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார். புஷ்பவல்லியின் கை பாய்ந்து வந்து அவர் வாயை அழுத்தி மூடியது. அதே நேரம் அவள் வாய் திறந்தது.

"லைன் கிளியர்! போய்யா வாசு, போ!"

பாடாங்கே திரும்பிப் பார்த்தது. அடுத்த நொடி ஆயிரம் தொண்டைகள் அதை வாங்கிக்கொண்டன. வாசு எடுத்தான் ஓட்டம். பந்து வலைக்குள் போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. கடைசி விசில் ஊதும்வரை நடுவரையும் திட்டினாள், சிங்கப்பூர் கோல்கீப்பரையும் திட்டினாள். கிண்ணம் செலாங்கூருக்கு.

ஊரே கத்திக்கொண்டு போனபோது சபாபதி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி நடந்தார். பிரிக்பீல்ட்ஸில் வீடுகளில் விளக்கு வைத்தார்கள். விரதம் முடிந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டப்போகிறார் என்று கனகசபை காதைப் பொத்திக்கொண்டார். சபாபதி மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏண்டி வல்லி, இத்தனை வருஷமா இந்தக் குரலை எங்க வச்சிருந்த?"

புஷ்பவல்லிக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. இருமிவிட்டுச் சொன்னாள்.

"நீங்க எங்க பேச விட்டீங்க?"